முத்திரையே இல்லாத ஒரு கிண்ணம்: ஸ்டூடியோ மட்பாண்டம் சேகரிப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

புதுமண்:
எல்லோருக்கும் வணக்கம். நான்கு மாதமாக இங்கே வாசிக்க மட்டும் செய்தேன். இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

போன வாரம் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் ஒரு கிண்ணம் வாங்கினேன். குறுக்கே 14 செ.மீ., உயரம் 7 செ.மீ. உள்ளே முழுக்கச் சாம்பல் கலந்த பச்சை. வெளியே அந்தப் பச்சை முக்கால்வாசி இறங்கி, ஓரிடத்தில் தடித்த துளியாகத் திரண்டு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் மண், கருகிய செங்கல் நிறம். பார்த்ததும் கையில் எடுத்தேன், பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. இதுதான் நடந்தது.

விற்றவர் "பெரிய கை செய்தது" என்றார். யார் கை என்று கேட்டால் பதில் இல்லை. அடியில் முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. உள்பக்கம் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. பெயர் தெரியாததற்கு மதிப்பு உண்டா? கோடுகள் விரிசலா? இதைப் பயன்படுத்தலாமா, அலமாரியில்தான் வைக்க வேண்டுமா? இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ள எனக்கு எண்ணம் இல்லை, அதனால் எங்கிருந்து தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.

ஏட்டுக்காரர்:
வாங்க வாங்க. நேராகவே சொல்லிவிடுகிறேன்: புதிதாகச் சேகரிப்பவர் முத்திரையிலிருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பு. பெரும்பாலான ஸ்டூடியோ குயவர்கள், அதாவது தொழிற்சாலையில் இல்லாமல் சொந்தப் பட்டறையில் கையால் செய்கிறவர்கள், ஈர மண்ணிலேயே சின்ன முத்திரை குத்துவார்கள். பிரிட்டனில் வேலை செய்த லூசி ரீ தன் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் (L, R) ஒரு கட்டத்துக்குள் குத்தினார், ஹான்ஸ் கோப்பரும் தன் முதலெழுத்துகளைக் குத்தினார். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் பெர்னார்ட் லீச் என்ற குயவர் நடத்திய லீச் பட்டறைப் பாண்டங்களில் பட்டறைக்கென்று ஒரு முத்திரை இருக்கும், செய்தவரின் முத்திரையும் சிலவற்றில் கூடவே இருக்கும். பட்டறை முத்திரை மட்டும் இருப்பதை "லீச் செய்தது" என்று விற்பவர்கள் உண்டு, கவனம். அங்கே பலர் சேர்ந்து வேலை செய்தார்கள். தினப் பயன்பாட்டுக்கான வரிசைப் பாண்டங்களைக் குழுவாகவே செய்தார்கள்.

பெயர் தெரியாத கிண்ணம் அழகாக இருக்கலாம். ஆனால் நாளைக்கு விற்கவோ, காப்பீடு செய்யவோ, இன்னொருவருக்கு விளக்கவோ உங்கள் கையில் ஒன்றுமே இருக்காது.

அடிவளையம்:
ஏட்டுக்காரர் ஐயா சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். முத்திரை பார்த்து வாங்கப் பழகியவர்கள் பானையைப் பார்க்காமலே வாங்கிவிடுகிறார்கள். இருபத்தைந்து வருடத்தில் இதை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-இல் லீச்சோடு செயின்ட் ஐவ்ஸில் பட்டறை தொடங்கியவர். ஜப்பான் திரும்பி மஷிகோ என்ற ஊரில் நிலைத்த பிறகு பாண்டங்களில் முத்திரையே குத்தவில்லை. கூட வரும் மரப்பெட்டியில்தான் எழுதிக் கொடுப்பார். 1955-இல் அந்த நாடு அவருக்கு வாழும் தேசியச் செல்வம் என்ற தகுதியைக் கொடுத்தது. அவர் பாண்டங்களின் அடி அப்போதும் வெறுமையாகத்தான் இருந்தது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் பேட்டரமும் தன் பாண்டங்களில் முத்திரை குத்தவில்லை. அவருடையதைப் பழகியவர்கள் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

தங்கச்சி, இப்போது எழுந்து போய் அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், மேஜையில் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் வைத்து. குயவர் மறைக்க எதுவும் இல்லாத இடம் அதுதான்.

கிண்ணம் ஊன்றி நிற்கும் அடிவளையம் எப்படிச் சீவப்பட்டிருக்கிறது? பாதி காய்ந்த நிலையில் கிண்ணத்தைச் சக்கரத்தில் கவிழ்த்து வைத்து, கருவியால் சீவி அந்த வளையத்தை எடுப்பார்கள். மண் பதமாக இருந்திருந்தால் வெட்டு வழுவழுப்பாக இருக்கும். காய்ந்துபோயிருந்தால் கருவி துள்ளி, படிப்படியாகத் தடம் விழுந்திருக்கும். மண்ணில் மணல் இருந்தால் அது இழுபட்ட கோடுகள் தெரியும். சீவாமல் கம்பியால் அறுத்து எடுத்ததென்றால் சிப்பி மாதிரி வளைவு வரிகள் இருக்கும். வளையத்தின் உள்விளிம்பில் விரலை ஓட்டுங்கள். அங்கே கூர்மையை மழுக்கியிருக்கிறாரா? யாரும் பார்க்காத இடத்தில் அந்த ஒரு நொடி செலவழித்தவர் மற்ற இடங்களிலும் செலவழித்திருப்பார்.

அப்புறம் எடை. கண்ணை மூடிக்கொண்டு தூக்குங்கள். நினைத்ததைவிடக் கனமா, லேசா? எடை அடியில் குவிந்திருக்கிறதா, சுவர் முழுக்கப் பரவியிருக்கிறதா? பார்த்து வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

சூளைக்காரன்:
நான் சேகரிப்பவன் இல்லை, செய்கிறவன். அந்தக் கோடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு கிரேஸிங் என்று பெயர். சூளை ஆறும்போது கிளேஸும் (மண்மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) சுருங்கும், மண்ணும் சுருங்கும். கிளேஸ் மண்ணைவிடக் கூடுதலாகச் சுருங்கினால், அளவு பத்தாத சட்டை மாதிரி இழுபட்டுப் பிளக்கும். விரிசல் கண்ணாடிப் படலத்தில் மட்டும்தான், மண்ணில் இல்லை. சூளையிலிருந்து எடுத்த பிறகும் நாள் கணக்கில் "டிங், டிங்" என்று சத்தம் கேட்கும். இரவு பட்டறையில் தனியாக இருக்கும்போது அந்தச் சத்தம் எனக்கு மிகப் பிடிக்கும். நேர்மாறாக மண் அதிகம் சுருங்கினால் கிளேஸ் விளிம்பிலிருந்து செதிலாகத் தெறிக்கும். அதுதான் ஆபத்து, வாயில் குத்தும்.

கிரேஸிங் குறையா, அழகா? மண்ணைப் பொறுத்தது. 1,200-லிருந்து 1,300 டிகிரி வரை சுட்ட ஸ்டோன்வேர் என்றால் உடல் இறுகி அடைத்திருக்கும், கோடு வழியாகத் தண்ணீர் போனாலும் பெரிதாக ஊறாது. 1,000, 1,100 டிகிரியில் சுட்ட எர்த்தன்வேர் என்றால் உடல் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய உடல் மெல்ல உப்பும், அதனால் வருடங்கள் கழித்தும் புதிதாகக் கோடு விழும்.

உங்கள் கிண்ணம் ஸ்டோன்வேர் மாதிரித்தான் தெரிகிறது. அந்தப் பச்சை, கிளேஸில் ஒன்று இரண்டு சதவீதம் இரும்பு இருந்து, காற்றைக் குறைத்து எரித்த சூளையில் வரும் பச்சை. அதே இரும்பு எட்டு, பத்து சதவீதம் ஆனால் டென்மோக்கு என்னும் கறுப்பு. அடியின் கருகிய சிவப்பும் அதே தீயின் வேலைதான்.

ஒன்று கேட்கிறேன். பச்சை முடியும் ஓரத்தில், அடிக்குப் பக்கத்தில், கிளேஸ் இல்லாத சின்னத் திட்டுகள் இருக்கின்றனவா?

நிழல்வரி:
பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லையே! பயன்படுத்துங்கள். கிண்ணம் கைக்கும் வாய்க்கும் செய்தது.

டபிள்யூ.ஏ. இஸ்மே என்று ஒருவர் இருந்தார். யார்க்‌ஷயரில் நூலகர். பெரிய சம்பளம் கிடையாது. 1955-இல் வாங்க ஆரம்பித்து 2001-இல் இறக்கும்வரை, வேக்ஃபீல்டில் ஒரு சின்ன வரிசை வீட்டில் 3,600-க்கும் மேற்பட்ட பாண்டங்களைச் சேர்த்தார். 500-க்கும் மேற்பட்ட குயவர்களுடையவை. இன்று அந்தத் தொகுப்பு யார்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஒரு நூலகர் தன் சம்பளத்தில் சேர்த்ததைப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். தொடங்கும்போது பணத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் இவரைத்தான் சொல்வேன்.

இன்னொருவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்த வாரன் மெக்கன்ஸி. தினமும் கையில் எடுப்பதற்கான பாண்டங்களைத்தான் செய்தார், விலையைக் குறைத்தே வைத்திருந்தார். விற்பனை அறையில் ஆள் இருக்காது, பணத்தைக் கூடையில் போட்டுவிட்டு எடுத்துப்போக வேண்டியதுதான். பின்னாளில் சிலர் அள்ளிக்கொண்டு போய் மறுவிலைக்கு விற்க ஆரம்பித்ததில் அந்த அறையையே மூட நேர்ந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். விற்பதற்காக வாங்குகிறவர்கள் அவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள், அடுத்து வந்து ஒரே ஒரு கிண்ணம் வாங்கியிருக்கக் கூடியவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள்.

ஏட்டுக்காரர்:
நிழல்வரி, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் "பயன்படுத்துங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். குறைந்த சூட்டில் வேகமாகச் சுடும் ராக்கு வகைக் கிண்ணம் தண்ணீர் தாங்காது. குறைந்த சூட்டில் சுட்ட பழைய எர்த்தன்வேர் கிளேஸில் ஈயம் இருக்கலாம், அதில் புளிப்பானது எதையும் வைக்கவே கூடாது. நுண்துளை உள்ள உடல் ஈரத்தோடு இருக்கும்போது மைக்ரோவேவில் வைத்தால் பிளக்கும். எது என்ன மண் என்று தெரிந்த பிறகுதான் பயன்பாடு.

போலி பற்றியும் சொல்லியாக வேண்டும். முத்திரையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை நான். 1980 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு சிறைச்சாலையின் மட்பாண்ட வகுப்பில் செய்த போலி லீச் பாண்டங்கள், முத்திரையோடு, ஏல நிறுவனங்கள் வரைக்கும் போய் விலை போயின. முத்திரை குத்துவது எளிது. அதனால்தான் எங்கிருந்து, யார் கை மாறி வந்தது என்ற சங்கிலியைக் கேட்கிறேன். ரசீது, கண்காட்சி அட்டை, பழைய புகைப்படம் எதுவானாலும் சரி.

அடிவளையம்:
பார்த்தீர்களா ஐயா, கடைசியில் நீங்களே என் பக்கம் வந்துவிட்டீர்கள்! அந்தப் போலிகளில் முத்திரை சரியாகத்தானே இருந்தது. ஒரு குயவரின் உண்மையான பாண்டங்கள் பத்தைக் கையில் எடுத்துப் பழகியவருக்குப் பதினோராவது பொய்யாக இருந்தால் விரலிலேயே உறுத்தும்.

புதுமண்:
நேற்று ஒரு மணி நேரம் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

அடிவளையத்தின் உள்விளிம்பு மழுக்கப்பட்டிருக்கிறது அக்கா. விரல் தடையில்லாமல் ஓடுகிறது. வளையத்தின் நடுவே மண் சின்னக் குமிழாக எழும்பி நிற்கிறது. எடை நினைத்ததைவிடக் கொஞ்சம் கூடுதல், அடியில்தான் அதிகம்.

சூளைக்காரன் அண்ணா கேட்ட திட்டுகள் இருக்கின்றன! மூன்று ஒரு பக்கம் வரிசையாக, ஒன்று எதிர்ப்பக்கம். தேய்ந்துபோனது என்று நினைத்திருந்தேன்.

ஒன்றுதான் கவலையாக இருக்கிறது. நகத்தால் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்கும் என்று வாசித்திருந்தேன். இது "டொக்" என்கிறது.

சூளைக்காரன்:
அந்த மூன்றும் ஒன்றும் விரல்கள். கிளேஸில் தோய்க்கும்போது கிண்ணத்தை அடியில் பிடித்த இடம், கிளேஸ் ஏறவில்லை. சிலர் அதைத் தூரிகையால் தொட்டு மூடிவிடுவார்கள், சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். நான் விட்டுவிடுகிற ஆள். உங்கள் விரலை வைத்துப் பார்த்தீர்களா? பிடித்தபோது இருந்ததைவிடத் திட்டு சின்னதாகத்தான் இருக்கும். முதல் சூட்டுக்குப் பிறகும் இரண்டாம் சூட்டில் பாண்டம் ஐந்து, ஆறு சதவீதம் சுருங்கும்.

"டொக்" சத்தம்தான் சரியில்லை. சட்டி வாங்கினாலும் தட்டிப் பார்த்து வாங்கு என்பார்கள். கிரேஸிங் அதிகம் இருந்தால் ஒலி கொஞ்சம் மங்கும், அது இயல்பு. ஆனால் முழுக்கச் செத்த ஒலி என்றால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது, இல்லையென்றால் ஒட்டு வேலை நடந்திருக்கிறது. விரல் நுனிகளில் நிறுத்தி மறுபடி சுண்டிப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்துச் சுண்டினால் எந்தக் கிண்ணமும் "டொக்" என்றுதான் சொல்லும்.

அடிவளையம்:
ஒட்டு வேலையைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன். அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் நகத்தின் முதுகால் விளிம்பு முழுக்க மெல்லத் தடவிக்கொண்டே போங்கள். கிளேஸ் கண்ணாடி, குளிர்ச்சியாக, கடினமாக இருக்கும். மேலே தெளித்த பெயின்ட் பிளாஸ்டிக் மாதிரி கொஞ்சம் வெதுவெதுப்பாக, மெத்தென்று இருக்கும். கைக்குத் தெரியாவிட்டால் கிண்ணத்தைக் கழுவிவிட்டு முன்பல்லில் மெல்லத் தொடுங்கள். பல்லில் பட்ட கிளேஸ் "கிளிக்" என்னும், பெயின்ட் சத்தமே போடாது.

அடுத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டு, கிரேஸிங் கோடுகளைத் தொடர்ந்து போங்கள். ஓரிடத்தில் வலை சட்டென்று நின்று, தாண்டி மறுபடி தொடங்குகிறதா? நடுவில் இருப்பது பெயின்ட். கடைசியாகப் புறஊதா விளக்கு. இருட்டறையில் பிடித்தால் பழுதுபார்க்கப் பயன்படுத்திய பிசின் பல சமயம் தனி நிறத்தில் ஒளிரும். ஊசியால் மட்டும் குத்திப் பார்க்காதீர்கள். உங்களுடையதே ஆனாலும் வேண்டாம்.

விரிசல் கண்ணில் பட்டால் அதன் ஓரத்தையும் பாருங்கள். சூளையிலேயே விழுந்த விரிசல் என்றால் கிளேஸ் உருகி ஓரங்கள் உருண்டிருக்கும், உள்ளேயும் கிளேஸ் இறங்கியிருக்கும். பிற்பாடு விழுந்தது கூர்மையாக, அழுக்கேறிய கோடாக இருக்கும். முதலாவது பாண்டத்தின் பிறப்போடு வந்தது, பலர் மன்னிப்பார்கள். இரண்டாவது காயம்.

புதுமண்:
கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று இரவு முழுக்கத் தோன்றியது.

விளிம்புக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு முக்கோணம். அங்கே வலை நிற்கிறது. பல்லில் சத்தம் இல்லை. தோழி ஒருத்தியிடம் புறஊதா விளக்கு வாங்கிப் பார்த்தேன், பால் வெள்ளையாக ஒளிர்ந்தது. உடைந்த துண்டை ஒட்டி, மேலே பச்சை தெளித்திருக்கிறார்கள். வாங்கும்போது "ஏதாவது பழுது உண்டா?" என்று வாய்விட்டுக் கேட்டேன், "சுத்தமான பீஸ்" என்றார். பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, விற்றது விற்றதுதான் என்று சொல்லிவிட்டார். பணம் போனதைவிட அந்தப் பச்சை தெளிப்புதான் வலிக்கிறது.

நிழல்வரி:
மனசு கஷ்டமாக இருக்கிறது. இங்கே எல்லோருக்குமே இது ஒரு முறையாவது நடந்திருக்கிறது. இனிமேல் ரசீதில் "பழுது இல்லை" என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

சூளைக்காரன்:
பழுதுபார்த்தது தப்பில்லை, மறைத்ததுதான் தப்பு. குயவனுக்குப் பல நாள் வேலை, தடிகாரனுக்கு ஒரு நிமிஷ வேலை. உடைவது பாண்டத்தின் வாழ்க்கையில் ஒரு பகுதிதான். ஜப்பானில் உருஷி அரக்கால் ஒட்டி, மேலே பொன்பொடி தூவி, உடைந்த கோட்டைக் காட்டவே செய்வார்கள். கின்ட்சுகி என்று எல்லோரும் அறிந்தது. ஆனால் கடையில் கிடைக்கும் எப்பாக்சி பசையும் தங்க நிறப் பொடியும் அது இல்லை, அது படும் இடத்தில் உணவு வைக்கவும் கூடாது. நல்ல பழுதுபார்ப்பவர் கிடைத்தால் அந்தத் தெளிப்பைக் கரைத்து எடுத்து, ஒட்டை மட்டும் நேர்மையாகத் தெரியவிடச் சொல்லுங்கள்.

கிண்ணத்தை விற்றுவிடாதீர்கள். அடியைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுபடி வாசித்தேன். மழுக்கிய உள்விளிம்பு, நடுவில் விட்ட குமிழ், அடியில் வைத்த எடை. இதைச் செய்தவருக்குக் கை இருந்திருக்கிறது.

கருந்தாழி:
ஒரு வார்த்தை. இந்த இழை முழுக்க சக்கரமும் கிளேஸுமாகவே இருக்கிறது. தொடங்குகிறவர் கையால் எழுப்பிய பாண்டங்களையும் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ 1950-களின் தொடக்கத்தில் நைஜீரியாவின் அபுஜாவில் (இன்று சுலேஜா எனப்படும் ஊர்) ஒரு மட்பாண்டப் பயிற்சி மையம் தொடங்கி நடத்தினார். லாடி க்வாலி அங்கே வந்து சேர்ந்தபோதே தேர்ந்த குயவர். மண்ணைத் திரித்து, சுருள்மேல் சுருளாக எழுப்பி, பல்லி, பறவை என்று கீறிய குடங்களைச் செய்தவர். பழைய வடிவம் அப்படியே இருக்க, மேலே ஸ்டோன்வேர் கிளேஸ் ஏறியது. அந்த நாட்டின் 20 நைரா நோட்டில் இன்று அவர் படம் இருக்கிறது. கென்யாவில் பிறந்த மக்டலீன் ஒடுண்டோ 1970-களில் அதே அபுஜாவில் கற்றார். அவர் பாண்டங்களில் கிளேஸே கிடையாது. மண்ணை மெருகேற்றி மெருகேற்றி, முதலில் சிவப்பாகச் சுட்டு, சிலவற்றைப் புகையில் மறுபடி சுட்டுக் கறுப்பாக்குவார். அருங்காட்சியகத்தில் ஒன்றின் முன் நின்றபோது, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது.

விலைக்கு நமக்கு எட்டாதுதான். கண்ணுக்கு எட்டுமே. வாங்குவதற்கு முன்னால் ஆறு மாதம் அருங்காட்சியகங்களில் பாருங்கள்.

ஏட்டுக்காரர்:
கிண்ணம் நிற்கட்டும், இப்போதே ஒரு நோட்டு போடுங்கள். வாங்கிய நாள், யாரிடம், அளவு, மண், பழுது, அடியின் புகைப்படம் பக்கத்தில் ஓர் அளவுகோலோடு. ஏமாந்ததையும் எழுதுங்கள், அடுத்தவருக்கு அதுதான் வரலாறு.

வைக்கும் முறை: கைப்பிடியிலோ விளிம்பிலோ தூக்காதீர்கள், இரண்டு கையும் உடலில் இருக்க வேண்டும். கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்கினால் மேலே இருப்பதன் கிளேஸ் இல்லாத அடி, கீழே இருப்பதன் உள்பக்கத்தைக் கீறும், நடுவில் மெல்லிய துணி வையுங்கள். உயரமான ஜாடிகளுக்கு அடியில், சாயாமல் பிடித்து நிறுத்தும் மெழுகான மியூசியம் வாக்ஸ் ஒரு பட்டாணி அளவு போதும்.

அப்புறம், மனம் மாறி ஒன்று சொல்கிறேன். முத்திரையிலிருந்து தொடங்கச் சொன்னேன் அல்லவா? உயிரோடு இருக்கும் குயவரிடமிருந்து தொடங்குங்கள். நேரில் போங்கள். யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விக்கே இடமிருக்காது.

சூளைக்காரன்:
அதைத்தான் நானும் சொல்ல இருந்தேன். சூளை திறக்கும் நாளில் போனால் இன்னும் நல்லது. முதல் தரம் ஒரு பக்கம், சிறு குறையுள்ளவை ஒரு பக்கம் இருக்கும். குறையுள்ளதை எடுத்து "இதில் என்ன தப்பு?" என்று கேளுங்கள். எந்தக் குயவரும் அரை மணி நேரம் பேசுவார். அந்தப் பச்சைக் கிண்ணத்தையும் எடுத்துப்போங்கள்.

புதுமண்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள்.

போனேன். சூளைக் கதவுச் செங்கற்களை எடுத்து ஒரு நாள் ஆகியும் உள்ளே கையை நீட்டினால் சூடு அடித்தது. இரண்டாம் தரத்தில் ஒரு கோப்பை வாங்கினேன். சூளையில் பக்கத்துப் பாண்டத்தோடு ஒட்டிக்கொண்டு, பிரித்த இடத்தில் நகக்கண் அளவு வடு இருக்கிறது. அந்த வடு எப்படி வந்தது என்று அவர் அரை மணி நேரம் இல்லை, முக்கால் மணி நேரம் சொன்னார். கோப்பையின் அடியில் அவருடைய முத்திரை இருக்கிறது ஏட்டுக்காரர் ஐயா, நோட்டில் முதல் பக்கம் அதுதான். இப்போது தினமும் காலையில் அதில்தான் குடிக்கிறேன்.

பிறகு துண்டைப் பிரித்துப் பச்சைக் கிண்ணத்தைக் கொடுத்தேன். ஒட்டிய முக்கோணத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராகக் கவிழ்த்தார். அந்த நான்கு திட்டுகளில் விரல்களை வைத்துப் பார்த்தார். வலது கையால் பிடித்தால் மூன்று விரலும் இறங்கின, கட்டைவிரல் மட்டும் தள்ளிப் போனது. இடது கைக்கு மாற்றினார். நான்கும் திட்டுகளில் போய் உட்கார்ந்தன.

"இடது கையால் பிடித்துத் தோய்த்திருக்கிறார். கை என்னுடையதைவிடக் கொஞ்சம் சின்னது" என்றார்.

நோட்டில் இரண்டாம் பக்கம், செய்தவர் என்ற இடத்தில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.